தாலிக்கு முன்னால் ஒரு சோதனை, பின்னால் ஒரு சோதனை

கேள்வி இதுதான்: காதலுக்கும் கடமைக்கும் நடுவில் ஆட்கள் மாட்டிக்கொண்டு தவிக்கிற படங்களில் இன்றைக்கும் உட்கார்ந்து பார்க்கும்படி இருப்பவை எவை? ஏன் எல்லாவற்றிலும் பெண்ணே தியாகம் செய்கிறாள்? வடசென்னைப் படம் என்றால் வெட்டுக்குத்து மட்டும்தானா, அதில் காதலே கிடையாதா?

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். நான் ராயபுரத்துக்காரன், அந்தக் கேள்வி கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. வடசென்னைப் படங்களில் காதல் நிறையவே இருக்கிறது. அது கண்ணில் படாமல் போவதற்குக் காரணம், அங்கே காதலுக்குச் சோதனை வருவது கல்யாணத்துக்குப் பிறகு. நமக்குப் பழகிய காதல் படம் தாலி கட்டியதும் சுபம் போட்டுவிடும். அதற்கு அப்புறம் நடப்பது குடும்பப் படம் என்று வேறு கணக்கில் எழுதிவிடுகிறோம்.

2014-இல் வந்த பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' படத்தைப் பாருங்கள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, ஒரு பெரிய சுவர், அந்தச் சுவரில் யார் படம் இருப்பது என்பதற்கு இரண்டு கோஷ்டிகளுக்குள் தீராத பகை. போஸ்டரில் இருப்பது கார்த்தியும் கேத்தரின் தெரசாவும். ஆனால் படத்தின் காதல் ஜோடி யார் என்று என்னைக் கேட்டால் கலையரசனும் ரித்விகாவும் நடித்த அன்பு, மேரி என்றுதான் சொல்வேன். கல்யாணமாகியும் கொஞ்சல் குறையாத ஜோடி. அவனுக்குக் கட்சி வேலை, ஏரியா வேலை; அந்தச் சுவர் நம்ம ஜனங்கள் கைக்கு வர வேண்டும் என்கிற வெறி. அது நியாயமான வெறி என்பதுதான் சிக்கலே. குடித்துவிட்டுச் சீட்டாடப் போகிறவனை மனைவி பிடித்து இழுத்து நிறுத்தலாம். ஊருக்காகப் போகிறவனை எப்படி நிறுத்துவாள்? அன்பு கொல்லப்பட்ட பிறகு மேரியின் முகத்தை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். கார்த்தி நடித்த காளியின் காதல் கடைசியில் பிழைத்துக்கொள்கிறது. விலையைக் கொடுத்தது மேரி.

அதே இயக்குநரின் 'சார்பட்டா பரம்பரை' (2021) இன்னும் விரிவாக இதைச் செய்கிறது. ஆர்யாவின் கபிலனுக்குக் குத்துச்சண்டை என்றால் உயிர். அம்மா பாக்கியத்துக்கு அந்தப் பேச்சே ஆகாது, ஏனென்றால் அவன் அப்பா குத்துச்சண்டையில் பேர் வாங்கி, அப்புறம் ரவுடியாகி வெட்டுப்பட்டுச் செத்தவர். இந்தப் பக்கம் அவன் குருவாக நினைக்கிற ரங்கன் வாத்தியாரின் மானம், பரம்பரையின் (அவர்கள் குத்துச்சண்டைக் கூட்டத்தின்) பேர். எதிரே இடியப்ப நாயக்கர் பரம்பரை. இத்தனைக்கும் நடுவில் கல்யாணமாகி வருகிறாள் துஷாரா விஜயனின் மாரியம்மா. கல்யாண ராத்திரியில் அவள் ஆடுகிற ஆட்டம் ஒன்று இருக்கிறது. தமிழ் சினிமாவில் முதலிரவு என்றால் பால் சொம்பு, குனிந்த தலை, நடுங்குகிற விரல். இவள் கூச்சமே இல்லாமல் ஆடுகிறாள். தன் ஆசையை ஒளிக்காத ஒரு பெண்ணை அந்த ஒரு காட்சியில் நிறுத்திவிடுகிறார் ரஞ்சித். அதனால்தான் அவன் பின்னால் குடியில் விழுந்து கிடக்கும்போது அவள் போடுகிற சண்டைக்கு அத்தனை கனம். அவள் கேட்பது தன் பங்கை. 'நீ பரம்பரைக்குப் பிள்ளையாக இரு, வாத்தியாருக்குச் சீடனாக இரு, எனக்கு என்னவாக இருக்கப் போகிறாய்' என்பதுதான் அந்தச் சண்டையின் சாரம்.

அந்தப் படத்தில் 1976 ஜனவரி 31 முக்கியமான தேதி. தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது அன்றுதான். கபிலன் ஜெயிக்கப்போகிற நேரத்தில் போலீஸ் உள்ளே புகுந்து தி.மு.க.காரரான ரங்கன் வாத்தியாரைக் கைது செய்கிறது. அரசியல் என்பது செய்தித்தாளில் நடப்பது, காதல் என்பது வீட்டுக்குள் நடப்பது என்ற பிரிவினை எங்கள் பக்கத்துக்குப் பொருந்தாது என்பதை அந்தக் காட்சி போல வேறு எதுவும் சொன்னதில்லை. டெல்லியில் போட்ட ஒரு கையெழுத்தில் ஒரு மாரியம்மாவின் குடித்தனம் ஆட்டம் காண்கிறது.

வெற்றிமாறனின் 'வட சென்னை' (2018) வேறு தினுசு. அதில் தனுஷின் அன்புவும் ஐஸ்வர்யா ராஜேஷின் பத்மாவும் ஊரே கடைகளைச் சூறையாடுகிற களேபரத்தில் பழக்கமாகிற ஜோடி. ரசித்துப் பார்க்கலாம். ஆனால் படத்தின் முதுகெலும்பு ஆண்ட்ரியா நடித்த சந்திரா. புருஷன் ராஜனைக் கூட இருந்தவர்களே கொன்றுவிடுகிறார்கள். கொன்றவர்களில் ஒருவனான குணாவையே அவள் கல்யாணம் செய்துகொள்கிறாள், உள்ளே இருந்து கருவறுக்க. செத்துப்போன ஒருவன்மேல் உள்ள காதல், உயிரோடு இருக்கிற ஒருத்திக்குக் கடமையாக மாறிவிடுகிறது. இதைக் காதல் படம் என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் யார் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறாள் என்று நினைத்துப் பார்த்தால் வயிற்றைப் பிசையும்.

இந்தப் படங்களில் ஏன் எதிர்ப்பு வீட்டிலிருந்து பெரிதாக வருவதில்லை? எங்கள் பக்கம் ஒரே தெருவில், ஒரே பிளாக்கில் காதலித்துக் கட்டிக்கொள்வது பெரிய அதிசயம் இல்லை. மீன் விற்கிற, இட்லிக்கடை போடுகிற அம்மாக்கள் ஒரு மாதம் வாய் வலிக்கத் திட்டிவிட்டு, பிள்ளை பிறந்ததும் வந்து தூக்கிக்கொள்வார்கள். சாதி பெரிய அளவில் மாறினால் கதை வேறு, அதை மறைக்க வேண்டியதில்லை. மற்றபடி கல்யாணம் வரை வந்துவிட்ட காதலுக்கு அதன் பிறகு போட்டியாக வருவது கூட்டாளி, ஏரியா, கட்சி, பரம்பரை. 'கூட்டாளிக்கு ஒண்ணுன்னா நான் போவாம யாரு போவா' என்று ஒருத்தன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது கதவோரம் நிற்கிறவள் சொல்ல என்ன இருக்கிறது?

இது புதுக் கதையும் அல்ல. எங்கள் திருவொற்றியூரின் தலபுராணமே இதுதான். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறபடி, ஏற்கெனவே திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், ஒற்றியூர்க் கோயிலில் பூமாலை கட்டுகிற சங்கிலியாரைப் பார்த்து மனம் பறிகொடுக்கிறார். சங்கிலியார் லேசுப்பட்டவர் அல்ல. வீட்டில் மாப்பிள்ளை பார்த்தபோது மறுத்து, சிவத்தொண்டே போதும் என்று ஒற்றியூருக்கு வந்து கன்னிமாடத்தில் இருந்தவர். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டும். அதற்கு அவர் போடுகிற திட்டத்தைப் பாருங்கள்: சந்நிதியில் சத்தியம் செய்கிறேன், அந்த நேரத்தில் நீங்கள் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று சிவனிடமே பேரம் பேசுகிறார். சிவன் சரி என்று தலையாட்டிவிட்டு, சங்கிலியார் கனவில் போய், மகிழ மரத்தடியில் சத்தியம் கேள் என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார். மாட்டிக்கொண்டார் மனிதர். மரத்தடியில் சத்தியம் செய்து மணக்கிறார். கொஞ்ச காலம் கழித்து திருவாரூர் வசந்த விழா நினைப்பு வந்து கிளம்புகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. இடக்கண் காஞ்சிபுரத்தில் திரும்புகிறது, வலக்கண் திருவாரூரில். மாசி மாதப் பெருவிழாவில் மகிழடி சேவை என்று இன்றைக்கும் அதைக் கொண்டாடுகிறார்கள்.

எனக்கு எப்போதும் உறுத்துவது, கண் போனவர் பாடிப் பாடித் திரும்பப் பெற்றுக்கொண்டார், எல்லையில் நின்றவளுக்கு என்ன ஆயிற்று என்பதுதான். மேரியும் மாரியம்மாவும் நிற்கிற அதே எல்லை.

சரி, இனி தாலிக்கு முந்தைய சோதனைகள். இங்கே பட்டியல் பெரிது; நான் பார்க்கிற ஒரே விஷயம், தியாகம் என்று ஒன்று நடந்தால் அதை முடிவு செய்தது யார், அனுபவித்தது யார் என்பது. இரண்டும் ஒரே ஆள் என்றால் படம் நிற்கும். ஒருவர் முடிவெடுத்து வேறொருவர் தலையில் கட்டினால், எவ்வளவு நல்ல பாட்டு இருந்தாலும் எனக்குக் கசக்கும்.

ஸ்ரீதர் இயக்கிய முதல் படம் 'கல்யாணப் பரிசு' (1959). ஜெமினி கணேசனும் சரோஜாதேவியும் காதலர்கள். அக்கா விஜயகுமாரிக்கும் அதே ஆள்மேல் ஆசை. அது தெரிந்ததும் தங்கை ஒதுங்கிக்கொள்வதோடு நிற்காமல், அவனையே அக்காவைக் கட்டிக்கொள்ள வைக்கிறாள். கண்ணீர் விட வேண்டியது தங்கைக்காக என்று படம் நினைக்கிறது. எனக்குப் பாவமாக இருப்பது அக்கா. வேறொருத்தியை மனதில் வைத்திருப்பவனோடு குடித்தனம் நடத்துகிறோம் என்பது தெரியாமலே வாழ்ந்து, தெரிந்தபின் செத்தும் போகிறாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் படமே கிடையாது. சங்க இலக்கியத்தில் அறத்தொடு நிற்றல் என்று ஒரு துறை உண்டு: தோழி செவிலியிடம் விஷயத்தைப் போட்டு உடைப்பாள், செவிலி பெற்ற தாயிடம் சொல்வாள், தாய் அப்பனுக்கும் அண்ணனுக்கும் சொல்வாள். விஷயத்தை வெளியே சொல்வதையே அறம் என்று வைத்திருந்தார்கள். நம் சினிமா அதை அப்படியே திருப்பிப் போட்டு, வாயைத் திறக்காமல் இருப்பதைத்தான் தியாகம் என்று ஆக்கிவிட்டது. இத்தனை சொல்லியும் அந்தப் படத்தை விடாமல் பார்க்கலாம்: ஏ.எம். ராஜாவின் இசைக்காகவும், மன்னார் அண்டு கம்பெனி என்று தங்கவேலு விடுகிற கதைக்காகவும்.

அதே ஸ்ரீதர் 1962-இல் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' பல படி மேலே. படம் பெரும்பாலும் ஓர் ஆஸ்பத்திரி செட்டுக்குள்ளேயே நடக்கிறது. அந்த நெருக்கடியான இடத்தில் வின்சென்ட்டின் கேமரா என்னவெல்லாம் செய்கிறது என்று பாருங்கள். டாக்டர் கல்யாண்குமாரிடம் சிகிச்சைக்கு வருகிறார் முத்துராமன். கூட வருகிற மனைவி தேவிகா, டாக்டரின் பழைய காதலி. நான் செத்துப்போனால் நீ அவரைக் கட்டிக்கொள் என்று கணவன் சொல்கிறான். மற்ற படங்களில் இதற்கு நாயகி காலில் விழுந்து அழுதிருப்பாள். இங்கே சுசீலாவின் குரலில் 'சொன்னது நீதானா' என்று ஒரு கேள்வி வருகிறது. என்னைக் கேட்காமல் என்னை எப்படிக் கைமாற்றுவாய் என்கிற கோபம்தான் அந்தப் பாட்டுக்குள் இருப்பது. நாம் சோகப்பாட்டு என்று கேட்டுப் பழகிவிட்டோம். டாக்டரின் கடமை வேறு: அறுவை மேசையில் ஒரு சின்னத் தவறு நடந்தாலும் ஊர் என்ன சொல்லும் என்பது அவருக்குத் தெரியும். ஆளைக் காப்பாற்றிவிட்டு அவரே செத்துப்போகிறார். அந்தச் சாவு எனக்கு வசதியான முடிவாகப் படுகிறது. அவர் உயிரோடு இருந்து மறுநாள் காலை ரவுண்ட்ஸுக்கு வந்திருந்தால் இன்னும் கஷ்டமான படமாக இருந்திருக்கும்.

பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' (1981) பற்றிச் சண்டை போடாத ரசிகர் கிடையாது. கட்டாயத்தில் கல்யாணம் முடிந்த அம்பிகாவை அவள் காதலனோடு சேர்த்து வைக்கக் கணவன் ராஜேஷே முயல்கிறான். காதலன் பாலக்காட்டு மாதவன் மறுக்கிறான். தாலியைக் கழற்ற அவளாலும் முடியவில்லை. வசனம் அபாரம், கைதட்டாமல் இருக்க முடியாது. ஆனால் கைதட்டி முடித்ததும் யோசித்தால், இரண்டு ஆண்கள் பெருந்தன்மையில் போட்டி போடுகிறார்கள், தீர்ப்பைத் தாலி சொல்லிவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கிறது.

அந்தக் கேள்வியைக் கேட்ட படம் ஐந்து வருஷம் கழித்து வந்தது, மணிரத்னத்தின் 'மௌன ராகம்' (1986). காதலன் கார்த்திக் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் சாகிறான். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததால் ரேவதி மோகனைக் கட்டிக்கொள்கிறாள். டெல்லிக்குப் போனதும், என்ன வேண்டும் கேள் என்று புருஷன் கேட்க, விவாகரத்து வேண்டும் என்கிறாள். அப்புறம் அவன் இரண்டு பரிசுகளைக் கொண்டுவருகிறான், ஒன்று கொலுசு, ஒன்று விவாகரத்துப் பத்திரம். அவள் பத்திரத்தை எடுக்கிறாள். எங்கள் வீட்டில் டிவியில் இந்தக் காட்சி ஓடியபோது காசிமேட்டிலிருந்து வந்திருந்த என் அத்தை, 'அவன் கேட்டான், அவ சொன்னா, இதுல இன்னா தப்பு' என்றார். கணவன் கேட்கிறான் என்பதுதான் அந்தப் படத்தின் புதுமை. கேட்டபின் வருகிற பதிலைத் தாங்கிக்கொள்கிறான் என்பது அதைவிடப் புதுமை.

1997-இல் ஃபாசில் தன் மலையாளப் படத்தையே தமிழில் எடுத்த 'காதலுக்கு மரியாதை' பற்றிக் கொஞ்சம். ஓடிவந்த விஜய், ஷாலினி ஜோடிக்கு அடைக்கலம் கொடுப்பது மீனவக் குப்பம். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அதனாலேயே அந்தப் படத்தின்மேல் தனிப் பிரியம். வீட்டை அழவைத்துவிட்டு வாழ வேண்டாம் என்று இருவரும் கலந்து பேசி, இருவரும் சேர்ந்தே திரும்புகிறார்கள். முடிவெடுத்தவர்களே விலை கொடுக்கிறார்கள். அதனால்தான் கடைசியில் ஸ்ரீவித்யாவும் கே.பி.ஏ.சி. லலிதாவும், இரண்டு அம்மாக்களும் உடைகிறபோது நாமும் சேர்ந்து உடைகிறோம். பாதி வேலையை இளையராஜா செய்துவிடுகிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சின்னக் குறும்பு: பையன் இந்து, பெண் கிறிஸ்தவர். மதம் மாறாமல் பதிவு செய்வதென்றால் 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. முப்பது நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதை ஆபீஸில் எல்லாரும் பார்க்க ஒட்டுவார்கள். இரண்டு கூட்டாளிகள் கையெழுத்துப் போட்டால் அரை மணியில் வேலை முடிந்தது என்று சினிமா காட்டுவதை நம்பி யாரும் பாரிமுனைக்குப் பஸ் ஏறிவிட வேண்டாம். சாட்சியே மூன்று பேர் வேண்டும்.

பாலாஜி சக்திவேலின் 'காதல்' (2004) நல்ல படம், மறுப்பில்லை. மதுரை மெக்கானிக் பையன், வசதியான வீட்டுப் பெண், சென்னைக்கு ஓடிவருகிறார்கள். ஆனால் அங்கே கடமை என்று எதுவும் இல்லை, அடி உதைதான். உங்கள் கேள்விக்குள் அது வராது. மனதைத் தயார் செய்துகொண்டு தனியாகப் பாருங்கள்.

வெளிநாட்டுப் படங்களில் இரண்டு மட்டும். 'ரோமன் ஹாலிடே' (1953) எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இளவரசி ஆட்ரி ஹெப்பர்ன் ஒரு நாள் ஊர் சுற்றிவிட்டு, யாரும் பிடித்து இழுக்காமல் தானே அரண்மனைக்குத் திரும்புகிறாள். இன்னொன்று டேவிட் லீனின் 'பிரீஃப் என்கவுண்டர்' (1945). கல்யாணமான ஒருத்தி, கல்யாணமான ஒருவர், ஒரு ரயில் நிலையத்து டீக்கடையில் கடைசியாகச் சந்திக்கிறார்கள். இனி பார்க்கவே போவதில்லை. அந்த நேரம் பார்த்து அவளுக்குத் தெரிந்த வாயாடி அம்மா ஒருத்தி வந்து உட்கார்ந்து தொணதொணக்க ஆரம்பிக்கிறாள். விடைபெற ஒரு வார்த்தை பேச வழியில்லை. அவர் எழுந்து, போகும்போது அவள் தோளில் கையை ஒருமுறை வைத்து அழுத்திவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். இங்கிலாந்துப் படமாக இருந்தாலும், ஹவுசிங் போர்டில் வளர்ந்த யாருக்கும் அது அந்நியமாகத் தெரியாது. மாடிப்படி, தண்ணி லாரி வரிசை, வண்ணாரப்பேட்டை ஸ்டேஷன் பிளாட்பாரம், எங்கே நின்று இரண்டு வார்த்தை பேசினாலும் ஓர் அத்தையோ சித்தியோ வந்து 'இன்னாம்மா, காலேஜ் விட்டாச்சா' என்று கேட்டுவிடுவார்கள். சமூகம் என்று பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, அது பல நேரம் கையில் கூடையோடு வந்து நிற்கிற ஒரு நல்ல மனுஷிதான். (விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு ஏசி பெட்டியில் பேசிக்கொண்டே போகலாம். அதைத் திறந்து வைத்த தேதி 2021 பிப்ரவரி 14. யார் யோசித்து வைத்தார்களோ.)

பெண்ணே ஏன் தியாகம் செய்கிறாள் என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் நேரடியானது: பழைய படங்களில் கடமை என்பதே வீட்டுக்குள் இருக்கிற கடமை, அப்பா மானம், அக்கா வாழ்க்கை, தாலி. அதன் சாவிக்கொத்து பெண்ணின் இடுப்பில் செருகப்பட்டிருந்தது. வடசென்னைப் படங்களில் கடமை தெருவுக்கு வந்துவிட்டதால் ஆணும் மாட்டிக்கொள்கிறான். ஆனால் அவனுக்கு மேடை, கைதட்டல், சுவரில் படம் எல்லாம் உண்டு. அவளுக்கு அவை இல்லை என்பதை மாரியம்மாவும் சந்திராவும் வாய்விட்டோ விடாமலோ சொல்கிறார்கள். அந்த அளவுக்கு நகர்ந்திருக்கிறோம்.

பார்க்கிற வரிசை கேட்டால்: முதலில் 'நெஞ்சில் ஓர் ஆலயம்', அடுத்து 'மௌன ராகம்', பிறகு 'சார்பட்டா'. கடைசியாகச் சொன்னது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புக்கு அப்புறம் உட்காருங்கள். 'வட சென்னை'க்கு ஏ சான்றிதழ். கெட்ட வார்த்தையும் ரத்தமும் தாராளம், அதனால் வீட்டுப் பெரியவர்களையும் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட வேண்டாம்.